போன் பாதுகாப்பு, அரசியல் என்று சண்டை போட்டவர்கள் நடந்ததை இங்கே எழுதுங்கள்

பாலக்கோடு தக்காளி:

சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுச் செயலியைப் பற்றிய கூச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 நவம்பர் 28ஆம் தேதி உத்தரவு, இனி விற்கும் போன் எல்லாவற்றிலும் அந்தச் செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்று. டிசம்பர் 1 வாக்கில் செய்தி வெளியே வந்தது, 3ஆம் தேதி வாபஸ். அந்த மூன்று நாளும் எங்கள் பங்காளிகள் குரூப்பில் நானும் சித்தப்பா மகனும் விட்டுக்கொடுக்கவே இல்லை. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கத்தானே, உனக்கு என்ன பயம், திருடனா நீ என்று அவன். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பார்க்க *#06# போட்டால் போதும், அதற்கு எதற்கு என் போனுக்குள் ஒரு ஆள் நிரந்தரமாக உட்கார வேண்டும் என்று நான். ஒவ்வொரு பதிலும் ஒரு முழுப் பக்கம் வரும். மண்டியில் லோடு ஏற்றுகிற நேரத்தில்கூட ஒரு கையில் டைப் செய்துகொண்டிருந்தேன்.

வாபஸ் செய்தி வந்ததும் பட்டாசுப் படம் எல்லாம் போட்டு ஒரு பெரிய மெசேஜ் எழுதினேன். அவன் பதில் போட, நான் திரும்பப் போட. சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போனால், மனிதர் திண்ணையில் போனை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பேங்க்ல இருந்து மெசேஜா வந்துச்சுடா தம்பி, படிக்கறதுக்குள்ள காணாமப் போயிடுது." வாங்கிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே ஒரு ஓடிபி மேலே எட்டிப் பார்த்து, தானாகப் போய்விட்டது. யாரோ உள்ளே இருந்துகொண்டு படிக்கிற மாதிரி.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவுகிற கோப்பு. கேட்ட அனுமதி எல்லாம் கொடுத்திருக்கிறார், மெசேஜ் படிக்க, அனுப்ப, எல்லாம். தக்காளி போட்ட பணம் 38 ஆயிரம் மூன்று தவணையாகப் போயிருந்தது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்தோம், கொஞ்சம் முடக்கினார்கள், இன்னும் கைக்கு வரவில்லை.

பணம்கூடப் பரவாயில்லை. ராத்திரி குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். மத்தியானம் 1 மணி 12 நிமிடத்துக்கு அந்தக் கோப்பைப் பெரியப்பாவே குரூப்பில் போட்டிருக்கிறார். கீழே 9 விநாடி வாய்ஸ் மெசேஜ், பின்னால் பெட்டி இறக்குகிற சத்தத்தோடு: "இது யாரு வூட்டுக் கல்யாணம்பா, தொறக்கவே மாட்டேங்குது, யாராச்சும் பாத்துச் சொல்லுங்க." அதற்கு மேலே என் மெசேஜ், கீழேயும் என் மெசேஜ். நான் அதைக் கேட்கவே இல்லை. அவனும் கேட்கவில்லை. அத்தை ஒருத்தர் மட்டும் கோப்பை அழுத்தியிருக்கிறார், போனில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டதாம். குட்மார்னிங் படங்கள் காப்பாற்றியிருக்கின்றன.

அஞ்செட்டிப் பக்கம்:

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை சார். ஓடிபி வரவே பாறை மேல் ஏற வேண்டும், அதற்குள் நேரம் முடிந்துவிடும். சில நாள் கர்நாடகா டவர் பிடித்துக் கன்னடத்தில் வரவேற்பு மெசேஜ் மட்டும் ஒழுங்காக வரும்.

ரவுண்டானா குமாஸ்தா:

தக்காளி அண்ணா, பெரியப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் அதை வைத்து, அரசாங்கம் பார்க்கிறது என்று பேசுவது வீண் சண்டை என்ற மாதிரி யாரும் இங்கே முடித்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு. பெகாசஸ் என்ற உளவு நிரலைப் போன்களில் ஏற்றினார்கள் என்ற விவகாரம் 2021 ஜூலையில் வந்தது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் குழு போட்டது. 29 போன்களைப் பார்த்தார்கள், 5 போனில் ஏதோ கெட்ட நிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக நீதிமன்றத்திலேயே வாசித்தார்கள். இல்லை என்று நிரூபணம் ஆனது என ஒரு கட்சிக்காரர் சொல்கிறார், ஆமாம் என்று நிரூபணம் ஆனது என இன்னொருவர் சொல்கிறார், இரண்டு பேரும் அந்த 29க்கு 5ஐத்தான் காட்டுகிறார்கள். வக்கீல் ஆபீஸில் 11 வருஷமாக இருக்கிறேன், எனக்கு இது புதிதில்லை.

சரி, என் கதை. 2023 அக்டோபர் 31. அரசு ஆதரவு பெற்ற ஆட்கள் உங்கள் போனைக் குறிவைக்கலாம் என்று ஆப்பிள் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலருக்கு எச்சரிக்கை அனுப்பிய செய்தி வெளியே வந்த நாள். அன்று ராத்திரி கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டீக்கடையில் நிற்கிறேன், எங்களிடம் கேஸ் கொடுத்திருக்கிற ஒரு ஒன்றியப் பொறுப்பாளர் வேகமாக வந்து என்னை ஓரமாக இழுத்தார். "தம்பி, எனக்கு அந்த மெசேஜ் வரல. ஏன் வரல?" அவருக்கு வந்திருந்தால் பயம், வராததால் அவமானம். போனைக் கையில் திணித்து, உள்ளே எவனாவது இருக்கிறானா பார் என்றார். லாக் எண் கேட்டேன். டீ மாஸ்டர், பக்கத்து பெஞ்சில் நாலு பேர், எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். நான்கு இலக்கம், கட்சி ஆரம்பித்த வருஷம். எந்தக் கட்சி என்று எழுதினால் எண்ணையே எழுதின மாதிரி ஆகிவிடும் என்பதால் விடுகிறேன்.

டீ மாஸ்டர் தலை நிமிராமல் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் மாற்றச் சொன்னேன். மாற்றினார். என்ன போட்டிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தலைவர் பிறந்த வருஷம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

மேலே இருப்பவர்கள் போனுக்குள் யார் வருகிறார்கள் என்று பேசுகிறீர்கள், நான் போனிலிருந்து வெளியே போனதைப் பற்றி எழுதுகிறேன்.

2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோ சுற்றியது. எங்கோ நடந்த வேறு சண்டைகளின் வீடியோ. டிஜிபி சைலேந்திரபாபு பொய் என்று பேசினார், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுகூட வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தைப் படம் எடுத்து, பயந்து ஓடுகிறார்கள் என்று வேறு போட்டார்கள். சிப்காட் பக்கம் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரே வராண்டாவில் நாலு ரூம், இரண்டில் நாங்கள், இரண்டில் அவர்கள். பைப் ஒன்று.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ரூம் பையன், 20 வயசு இருக்கும், வீடியோ காலில் அவன் அம்மாவோடு பேசுகிறான். அந்த அம்மா அழுகிறார். சுவரைக் காட்டு, கதவைக் காட்டு என்று கேட்பார் போல, இவன் போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, கடைசியில் என் பக்கம் திருப்பிவிட்டான். "பையா, போலோ" என்றான். எனக்கு வந்தது "அச்சா ஹை" மட்டும். கரண்டியோடு நின்று அச்சா ஹை, அச்சா ஹை என்று நாலு தரம் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான், பஸ்ஸில் வரும்போது, வடக்கன் வந்து வேலையைப் பிடுங்குகிறான் என்று ஒரு ஃபார்வர்டை எங்கள் ஊர்க் குரூப்பில் தள்ளியிருந்தேன். அடுத்த ரூம் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எல்லோருக்கும் அழி என்று அழுத்தினேன். அதற்குள் பல பேர் பார்த்து, ஐந்தாறு பேர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டிருந்தார்கள். நான் போட்ட இடத்தில் அழிந்தது, அவர்கள் தள்ளிவிட்ட இடத்தில் அழியாதே.

அரூர் ஓய்வு வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் பி.எம். கிசான் என்ற பெயரில் ஒரு ஏபிகே வந்தது, நான் திறக்கவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் தக்காளித் தம்பி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருப்பதால் சொல்கிறேன். தவறிப் போய் நிறுவிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது போனை ஏரோப்ளேன் மோடில் போடுவது. தொடர்பு இருந்தால்தானே அவன் ஓடிபியை எடுக்க முடியும். பிறகு வேறொருவர் போனிலிருந்து 1930க்கும் வங்கிக்கும் பேச வேண்டும், எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு பணம் வழியில் நிற்கும். அதே போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், திருடனிடமே புதுச் சாவியைக் கொடுப்பது போல. அந்தச் செயலியை நீக்கப் பார்த்தால் சில நேரம் நீக்கு என்ற பொத்தான் வேலை செய்யாது. அது சாதன நிர்வாகி என்ற உரிமையைப் பிடித்துக்கொண்டிருக்கும், செட்டிங்ஸில் போய் அதைப் பறித்துவிட்டுத்தான் நீக்க முடியும், அதற்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோடில் திறந்து பார்க்கலாம். அதன் பிறகும் நான் நம்ப மாட்டேன், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு முழுவதுமாக ரீசெட் செய்வதுதான் நல்லது. அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று *#21# போட்டுப் பாருங்கள், இருந்தால் ##002# எல்லாவற்றையும் நிறுத்தும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்க எண் வைக்கலாம், அதை என் வகுப்பில் படித்தவர்களில் பத்துக்கு ஒருவர்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சிம்முக்கே தனி பின் எண் உண்டு, மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அதனால் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். போலீஸ், சிபிஐ என்று வீடியோ காலில் வந்து டிஜிட்டல் கைது என்றால் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

ரவுண்டானா குமாஸ்தா தம்பி, கட்சிக்காரரின் லாக் எண்ணைப் பொதுவில் எழுதியது சரியில்லை.

ரவுண்டானா குமாஸ்தா:

ஐயா, நான் எண்ணை எழுதவே இல்லை.

அரூர் ஓய்வு வாத்தியார்:

நான் முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

காரிமங்கலம் பூத் ஏஜென்ட்:

வாத்தியாருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. எனக்கும் ஒரு சண்டை உண்டு. 2024 மக்களவைத் தேர்தல், தருமபுரியில் முதலில் ஒருவர் முன்னால் போய்க் கடைசியில் இன்னொருவர் ஜெயித்தது நாடே பார்த்தது. அன்றிலிருந்து அக்கா மகனுக்கும் எனக்கும் தகராறு. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. புளூடூத்தில் மிஷினை மாற்றிவிடலாம் மாமா என்கிறான். அது எந்த வலையிலும் சேராத மிஷின்டா, ஓட்டுப் போட்டதும் ஒப்புகைச் சீட்டு 7 விநாடி கண்ணாடியில் தெரிகிறதே, அதில் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடி குலுக்கிப் போட்டு எண்ணுகிறார்களே என்கிறேன். அது எல்லாம் நம்பிக்கை மாமா, ஆதாரம் எங்கே என்றான்.

ஆதாரமா, 17சி படிவம் இருக்கிறதடா! எத்தனை ஓட்டு விழுந்தது என்று கையெழுத்துப் போட்டு ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நகல் கொடுக்கிறார்கள், எண்ணும்போது அதோடு ஒத்துப் பார்க்கலாம். காலை ஐந்தரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை, ஏப்ரல் வெயிலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய காகிதம். களி தின்றுகொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்து பெருமையாகச் சொன்னேன்.

"சரி மாமா. உங்க 17சி எங்க?"

அது சட்டைப் பையில் இருந்தது. சட்டை அன்று ராத்திரியே ஊறப் போட்டாகிவிட்டது. உங்கள் அத்தைதான் உருட்டி எடுத்து, இது என்னங்க பஸ் டிக்கெட்டா என்று கேட்டாள். அவனிடம் கட்சி ஆபீஸில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் நான் சொன்ன விஷயம் அத்தனையும் சரிதான், ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் அவன் எப்போது வந்தாலும் என் சட்டைப் பையைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது.

ஓசூர் நைட் ஷிப்ட்:

எங்கள் அத்தையா?

காரிமங்கலம் பூத் ஏஜென்ட்:

வழக்கத்தில் வந்துவிட்டது தம்பி. எல்லோருக்கும் அத்தைதான்.

பாலக்கோடு தக்காளி:

வாத்தியார் ஐயா, ஏரோப்ளேன் மோடு அன்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் செய்தது ஸ்கிரீன்ஷாட் எடுத்தது, சித்தப்பா மகனுக்கு அனுப்பத்தான், பார் உன் பாதுகாப்பு லட்சணத்தை என்று. நல்லவேளை அனுப்பவில்லை. 1930க்கு அடித்தது, மறுநாள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு தருமபுரி போய்ப் புகார் எழுதிக் கொடுத்தது எல்லாம் அவன்தான். நான் லோடு போட்டிருந்தேன். குமாஸ்தா தம்பி, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை, அந்த உத்தரவு தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். அவனும் அவன் பக்கத்தை விடவில்லை. பொங்கலுக்குக் கூடியபோது மறுபடி ஆரம்பித்தோம், பெண்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது பட்டன் போன்தான். குரூப்பிலும் இல்லை. போன வாரம் வண்டியில் உட்கார்ந்து வரும்போது மெதுவாகக் கேட்டார், "ஏன்டா தம்பி, அந்தக் கல்யாணம் யாருதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே." கல்யாணமே இல்லை பெரியப்பா, திருட்டுப் பசங்க அனுப்பியது என்று எத்தனையாவது முறையாகவோ சொன்னேன். தலையாட்டினார். காரிமங்கலம் தாண்டியதும், "இல்லடா, பேரு எல்லாம் போட்டுத்தான் வந்துச்சு. மொய் எழுதாம விட்டுட்டோம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார்.