தீபாவளிக்கு குடுக்க வச்ச பொடி கட்டி கட்டியா ஆயிடுச்சு, அவசரமா உதவி வேணும்

மழைநாள்_மீனு (ஞாயிறு இரவு 9.40)
எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கு வரேன். இந்த வருஷம் ஸ்வீட் பாக்ஸ் வேணாம், வீட்லயே பொடி அரைச்சு சின்ன கண்ணாடி பாட்டில்ல போட்டு அக்கம்பக்கத்துக்கும் ஆபீஸ்லயும் குடுக்கலாம்னு 30 பாட்டில் ரெடி பண்ணி லேபிள் ஒட்டி ரிப்பன் கட்டி அலமாரில அடுக்கியாச்சு. இன்னைக்கு ஒண்ண எடுத்து குலுக்கினா உள்ள அசையவே இல்ல, கட்டியா நிக்குது, மூடிய தொறந்தா ஒரு மாதிரி வாடை வேற. வியாழக்கிழமை தீபாவளி!! எல்லாத்தையும் கொட்டணுமா, காப்பாத்த வழி இருக்கா, ப்ளீஸ் யாராவது சொல்லுங்க

கடாய்_குமார்
என்ன பொடின்னு சொல்லவே இல்லியே சிஸ்டர்? சாம்பார் பொடியா ரசப்பொடியா பருப்புப்பொடியா? மெஷினா மிக்ஸியா?

நெல்லைக்காரி
சாம்பார் பொடியாத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழைல மல்லியும் வத்தலும் எங்கிட்டு காயும்? எங்கம்மால்லாம் மாசி பங்குனி வெயில்ல மொட்டமாடில காயப்போட்டு வருஷத்துக்கும் சேத்து அரைச்சிருவாங்க. வத்தல கையில ஒடிச்சா சடக்குனு ஒடியணும், வளைஞ்சுதுன்னா மெஷின் பக்கமே போகக்கூடாது. மல்லியும் அப்படித்தான், பல்லுல கடிச்சா நொறுங்கணும். அதுவும் குண்டு மிளகாய்னா வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள விதைகிட்ட ஈரம் நிக்கும், ராமநாதபுரம் பக்கம் கேட்டுப் பாருங்க சொல்வாங்க. நீங்க எந்த வத்தல் போட்டீங்க?

அனுபவம்_35
வருஷா வருஷம் ஐப்பசி பொறந்தா இதே கேள்வி. மேல தேடுற பெட்டின்னு ஒண்ணு சும்மா அழகுக்கு வைக்கல. என்ன பொடின்னு இல்ல, எப்ப அரைச்சதுன்னு இல்ல, "ஒரு மாதிரி வாடை"ன்னா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது? எதுவா இருந்தாலும் 100க்கு 90 பெருங்காயத்தூள்தான் காரணம். கடையில விக்கிற தூள்ல பாதிக்கு மேல மைதாவும் கோந்தும், டப்பா பின்னாடி படிச்சுப் பாருங்க, அதுதான் ஈரத்தை இழுத்து கட்டி கட்டும். கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில பொரிச்சு போடுறவங்களுக்கு இந்தப் பிரச்சனை வந்ததா நான் பாத்ததில்ல. அடிப்படை இது.

கடாய்_குமார்
சார் பெருங்காயம் ரெண்டு ஸ்பூன் போடுவாங்களா, அதுல எப்படி முழு பாட்டிலும் கட்டும்? உப்புதான் காரணம். பொடி உப்ப அப்படியே கொட்டியிருப்பாங்க. கல்லுப்ப வெறும் கடாயில படபடன்னு வெடிக்கிற வரைக்கும் வறுத்து போடணும்.

அனுபவம்_35
சாம்பார் பொடிக்கு யாருய்யா உப்பு போடுறா.

கடாய்_குமார்
அது சாம்பார் பொடின்னு யாரு சார் சொன்னா, நெல்லை அக்காவா நெனச்சுக்கிட்டாங்க

மாவுமெஷின்_அண்ணாச்சி (ஞாயிறு இரவு 10.30)
22 வருஷமா மெஷின் ஓட்டுறேன் தாயி. சண்ட அப்புறம் போடட்டும், நீங்க நாலு விஷயம் மட்டும் சொல்லுங்க. கட்டி பாட்டில்ல எங்க இருக்கு? மேல மட்டும் தட்டு மாதிரி நிக்குதுன்னா சூட்டோட அடைச்சிருக்கீங்க. அடியிலயும் ஓரத்துலயும் அப்பியிருந்தா பாட்டில் ஈரம். மேல கீழ ஒண்ணுபோல பிசுக்குனு உருண்டையா இருந்தா எண்ணெய் கக்கியிருக்கு, எள்ளோ தேங்காயோ நிலக்கடலையோ இருக்கும். அப்புறம் மூடிய கழட்டி உள்பக்கம் பாருங்க, தண்ணி முத்து இருக்கா? வாடை எப்படி, சிக்கு வாடையா, புளிச்ச வாடையா, பூசண வாடையா? 30 பாட்டிலும் ஒரே நாள்ல போட்டதா? இது தெரியாம யாரு என்ன சொன்னாலும் இருட்டுல கல்லெறியற மாதிரிதான்.

மழைநாள்_மீனு (ஞாயிறு இரவு 11.15)
ஐயோ சாரி சாரி, இட்லி பொடி!! எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். மிக்ஸிலதான் அரைச்சேன். உளுந்து ஒன்றரை கிலோ, கடலைப்பருப்பு முக்கா கிலோ, எள்ளு கால் கிலோ, மிளகாய் 300 கிராம், கறிவேப்பிலை, கல்லுப்பு வறுத்துதான் போட்டேன், பெருங்காயத்தூள், கொஞ்சம் பூண்டு. மத்ததெல்லாம் காலைல பாத்து சொல்றேன், குழந்தை எழுந்துட்டா

ஸ்ரீரங்கத்து_மாமி
இட்லி பொடியா? எங்காத்துல அதுக்கு மொளகாப்பொடின்னுதான் பேரு, பூண்டெல்லாம் கிட்டவே வராது. அது கெடக்கட்டும், ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதடி கொழந்தே, நல்ல நாளும் அதுவுமா எள்ளு போட்டதை யாராவது கையில குடுப்பாளா? எள்ளும் உப்பும் கைக்கு கை குடுக்கப்படாதுன்னு பெரியவா சொல்லுவா. எள்ளு பித்ருக்களுக்கு இறைக்கறது, சனிக்கு தானம் பண்றது.

நெல்லைக்காரி
என்ன மாமி இப்படி சொல்லிட்டீங்க, அப்ப எள்ளுருண்டை? தீபாவளி அன்னிக்கு விடியக்காலம் தல நெறைய தேய்ச்சுக் குளிக்கிறது எந்த எண்ணெய்? எள்ளுலேர்ந்து வந்ததுதானே? முறுக்குலயும்தான் எள்ளு போடுறோம், தட்டு தட்டா தெருவுக்கே குடுக்குறோம்.

ஸ்ரீரங்கத்து_மாமி
முறுக்கு பட்சணம்மா, அதுல எள்ளு ஒரு சிட்டிகை. கால் கிலோ கறுப்பெள்ளு அரைச்சு பாட்டில்ல அடைச்சு குடுக்கறது வேற. நான் சொல்றதை சொல்லிட்டேன்.

கடாய்_குமார்
கறுப்பா வெள்ளையான்னு அவங்க சொல்லவே இல்ல மாமி 😄 ஆனா பொதுவா ஒரு சந்தேகம், தீபாவளிக்கு பொடி குடுத்தா வாங்குறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்? அதிரசம் எதிர்பாத்து மூடிய தொறந்தா காரம். எங்க ஹவுஸ் ஓனர் வாடகைய ஏத்திருவாரு

நெல்லைக்காரி
அடப்போங்க தம்பி. நாலு நாள் ஸ்வீட்டா தின்னு நாக்கு செத்துப்போன பிற்பாடு அஞ்சாம் நாள் ரெண்டு இட்லியும் பொடியும் நல்லெண்ணெயும் குடுத்துப் பாருங்க, கையெடுத்துக் கும்பிடுவாங்க. எங்க ஆச்சி தீபாவளி மருந்துக்கு சுக்கு, திப்பிலி, மிளகு, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடிச்சு பொடியாத்தான் எல்லா வீட்டுக்கும் பொட்டலம் கட்டுவாங்க, அவங்கவங்க வீட்ல வெல்லமும் நெய்யும் போட்டு கிளறிக்கணும். பொடி குடுக்குறது ஒண்ணும் புதுசில்ல.

அனுபவம்_35
தலைப்பு என்ன, பேசுறது என்ன. பெருங்காயத்தூள்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அதை யாரும் கவனிக்கல.

மழைநாள்_மீனு (திங்கள் காலை 7.05)
அண்ணா பாத்துட்டேன். சனிக்கிழமை போட்ட 12 பாட்டில் நல்லா இருக்கு, குலுக்கினா மணல் மாதிரி ஓடுது. நேத்து காலைல போட்ட 18தான் இப்படி. எல்லாத்துலயும் மேல ரெண்டு விரல் உயரத்துக்கு தட்டு மாதிரி கட்டி, கீழ உதிரியா இருக்கு. மூடி உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. வாடை புளிச்ச மாதிரி இல்ல, சிக்கும் இல்ல, பூண்டு வாடைதான் தூக்கலா இருக்கு. முதல் நாள் பூண்டு போடல, ரெண்டாவது நாள்தான் வாசனையா இருக்கட்டும்னு தோலோட தட்டி எண்ணெயில வதக்கி போட்டேன். எள்ளு வெள்ளை எள்ளு மாமி 🙏

மாவுமெஷின்_அண்ணாச்சி
இதை நேத்தே சொல்லியிருந்தா பாதி பேச்சு மிச்சம் தாயி. பெருங்காயம் ரெண்டு நாளும் அதேதானே, அப்ப அது இல்ல. மிக்ஸி ஜாரே கை வைக்க முடியாம கொதிக்கும், அந்தச் சூட்டோட பாட்டில்ல போட்டு மூடுனா ஆவி மேல போயி மூடில தண்ணியா நின்னு திரும்ப பொடி மேலயே சொட்டும். அதான் மேல தட்டு. எங்கிட்ட அரைக்க வர்றவங்ககிட்ட நான் மொதல்ல சொல்றதே வீட்டுக்கு போனதும் தூக்குவாளி மூடிய தொற, பேப்பர்ல பரப்பு, ராத்திரி ஆறவிட்டு காலைல டப்பால போடுன்னுதான். அப்புறம் பூண்டு. வதக்குனா பத்தாது, உள்ள ஈரம் அப்படியே இருக்கும். தோல் செவந்து பல்லு மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் விடணும். கிஃப்ட் குடுக்குற பொடிக்கு பூண்டே வேணாம்பேன் நான், வாங்குனவங்க எத்தனை நாள் வச்சு திம்பாங்கன்னு நமக்கென்ன தெரியும்.

இப்ப என்ன பண்ணணும்னா, 18ஐயும் இன்னைக்கே தொறந்து தாம்பாளத்துல தனித்தனியா கொட்டுங்க, ஒண்ணோட ஒண்ணு கலக்காதீங்க. மேல் கட்டிய எடுத்து தூரப் போட்ருங்க. மிச்சத்தை அடி கனமான கடாயில சின்ன தீயில கை பொறுக்குற சூட்டுக்கு பெரட்டி எடுங்க, வறுக்க வேணாம், ஏற்கனவே வறுத்தது, தீஞ்சா கசக்கும். நல்லா ஆறவிட்டு சலிச்சுட்டு அரைக்கிறதா இருந்தா விட்டு விட்டு ஓட்டுங்க, ஒரேயடியா ஓட்டுனா எள்ளு எண்ணெய் கக்கிரும்.

லேப்காரன்
ஒண்ணு சேத்துக்கறேன். எந்த பாட்டில்லயாவது வெள்ளையா நூலாவோ பச்சையாவோ ஏதாவது தெரிஞ்சா, இல்ல பூசண வாடை வந்தா, அந்த பாட்டில் முழுசும் குப்பைக்கு. மேல சுரண்டிட்டு கீழ எடுக்கறது, திரும்ப வறுக்கறது எதுவும் வேணாம். சூட்டுல பூசணம் சாகும், அது விட்டுட்டுப் போன நஞ்சு போகாது. உளுந்து விலைய பாக்காதீங்க. ஃப்ரிட்ஜ்லயும் வைக்காதீங்க, வெளிய எடுத்து தொறந்த உடனே மறுபடி ஈரம் கோத்துக்கும். லேபிள்ல எள்ளு இருக்குன்னு கண்டிப்பா எழுதுங்க, சிலருக்கு எள்ளு அலர்ஜி உண்டு, ஆபீஸ்ல குடுக்கறப்போ அது முக்கியம்.

கடாய்_குமார்
பாட்டில எப்ப கழுவுனீங்கன்னு யாரும் கேக்கல

ஸ்ரீரங்கத்து_மாமி
வெள்ளை எள்ளும் எள்ளுதான்.

நெல்லைக்காரி
மாமி 😂

மழைநாள்_மீனு (புதன் இரவு 10.50)
18ல 11 தேறுச்சு. மீதி 7 பூண்டு பொதபொதன்னு ஈரமா இருந்துச்சு, எடுக்க மனசு வரல, கொட்டிட்டேன். பாட்டிலும் அன்னிக்கு காலைல கழுவினதுதான் குமார் அண்ணா. அந்த 7 வீட்டுக்கு கடையில மிக்சர் வாங்கியாச்சு. எல்லாருக்கும் தேங்க்ஸ், அண்ணாச்சிக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ், ஹாப்பி தீபாவளி

புதுசா_வந்தவன் (பொங்கலுக்கு 6 நாள் முன்)
நானும் பொங்கலுக்கு பொடி குடுக்கலாம்னு இருக்கேன், அரைச்சதும் கட்டியா ஆகுது, ஏன்?

அனுபவம்_35
என்ன பொடி?