'சொர்க்க நிலக்காட்சி' வேண்டாமே

வணக்கம்.

விலங்குகளும் பறவைகளும் நிறைந்த சோலையைக் காட்டும் 'paradise landscape' என்ற ஓவிய வகைக்குத் தமிழ்ச் சொல்லாக ஐயா சொன்ன 'சொர்க்க நிலக்காட்சி' எனக்கு ஒட்டவில்லை. சொர்க்கம் என்றதும் நமக்கு இந்திரனும் ரம்பையும் நினைவுக்கு வருவார்கள், செத்த பிறகு போகிற இடம். இந்த ஓவியங்களில் இருப்பதோ புல்லும் தண்ணீரும் வாத்துகளும்.

ஹேக் நகரின் மொரிட்சுஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஏதேன் தோட்டப் படத்தை (சுமார் 1615) பாருங்கள். ஆதாம், ஏவாள், அந்த மரம், பாம்பு, குதிரை ஆகியவை பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் வரைந்தவை. மற்ற விலங்கு, பறவை, செடிகொடி எல்லாம் அவருடைய நாட்டு ஓவியரான மூத்த யான் புரூகலின் கைவேலை. இடப்பக்கம் ஒரு குரங்கு ஏவாளுக்கும் முந்திக்கொண்டு பழத்தைக் கடிக்கிறது. கினிப்பன்றிகூட இருக்கிறது! தென் அமெரிக்கப் பிராணி அது, ஆதியாகமத்தை எழுதியவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். பிரசல்ஸில் ஆல்பர்ட்–இசபெல்லா அரச தம்பதியர் வளர்த்த விலங்குகளை நேரில் பார்த்து வரையப் புரூகலுக்கு வாய்ப்பிருந்தது, அதனால்தான் மனிதர் இரண்டு பேரும் ஓரமாக நிற்க, மிருகங்கள் படத்தை நிறைத்துவிட்டன.

அப்படியானால் 'விலங்குச்சோலை' என்றே சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல்தான், ஆனால் வண்டலூர் நினைவுக்கு வருகிறது. 'பரதீசு' தமிழ் விவிலியத்தில் உள்ள சொல், சரி, ஆனால் அங்கே சிலுவையில் தொங்கும் கள்ளனுக்கு இயேசு தரும் வாக்கில் வருகிறது. மறுபடியும் மரணத்துக்குப் பிந்தைய இடம்.

என் முன்மொழிவு 'ஏதேன் நிலக்காட்சி'. ஆதாம் மிருகங்களுக்குப் பெயரிட்ட இடம் ஏதேன், கோயிலுக்குப் போகிறவருக்கும் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் புரியும். நோவாவின் பேழைப் படங்களை என்ன செய்வது? புரூகலின் 1613ஆம் ஆண்டுப் பேழைப் படத்திலும் (கெட்டி அருங்காட்சியகம்) அதே சோலை, அதே சிங்க ஜோடி, ஆகவே அதையும் இதற்குள் சேர்த்துவிடலாம். இடிப்பது ஓவியர் ரூலண்ட் சாவரிதான். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பிராகா அரண்மனையில் வேலை பார்த்தவர், ஆர்ஃபியஸ் யாழ் மீட்ட, விலங்குகள் கூடி நிற்பதாக நிறைய வரைந்தார். அது கிரேக்கக் கதை, ஏதேன் என்று சொல்ல முடியாது. 'ஆர்ஃபியஸ் நிலக்காட்சி' என்று தனிப் பதிவாகவே போடலாம்.

'landscape' என்பதற்கு நிலக்காட்சியா நிலத்தோற்றமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எது அகராதியில் முன்பே ஏறியிருக்கிறதோ அதையே வையுங்கள்.