பொருள்: சகாராவிலிருந்து அமேசான் போகும் மண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்? (அவசரம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புக்கான புவியியல் துணைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மினரல் டஸ்ட்' என்ற சொல் ஒரே இயலில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. விஷயம் இதுதான்: சகாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 18.2 கோடி டன் நுண்மண் காற்றிலேறி மேற்கே கிளம்புகிறது. 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோள் அளந்த கணக்கு. அதில் 2.77 கோடி டன் அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் படுகையில் விழுகிறது. அதோடு 22,000 டன் பாஸ்பரசும் போய்ச் சேர்ந்து, மழை அரித்துக்கொண்டு போகும் சத்தை ஈடுகட்டுகிறது.

'கனிமத் தூசு' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் "சிமென்ட் ஆலையா?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

ம., சேலம்

•

பாலைவனத் தூசி. இதற்கு ஏன் ஒரு மடல்? என் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்கள். தூசி என்றால் தெரியும், பாலைவனம் என்றால் தெரியும். இரண்டையும் சேர்த்தால் புரியும்.

ஜெ., திண்டுக்கல்

•

ஜெ. அவர்களுக்குப் புரிவது எனக்குப் புரியவில்லை. பழந்தமிழில் தூசி என்றால் போரில் முன்னே செல்லும் படை. தூசு என்றால் ஆடை. 'தீயினில் தூசாகும்' என்று ஆண்டாளைக் காட்டி மடக்கப் பார்ப்பீர்கள். நெருப்பில் பட்ட துணி என்றே நான் பொருள் கொள்வேன். துகள் நல்ல சொல்தான், ஆனால் அதை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரமாட்டார்கள்.

நான் முன்மொழிவது பூழி. நுண்பொடி என்பதே அதன் பொருள். சேரனைப் பூழியர்கோ என்கிறது பதிற்றுப்பத்து. கடற்கரையில் மீன் தின்னும் கொக்குக் கூட்டத்துக்குப் பூழியரின் சிறுதலை வெள்ளாட்டு மந்தையை உவமை சொல்கிறது குறுந்தொகை. அத்தனை ஆடு நடந்தால் எழுவது என்ன? பூழி. அந்தப் பூழியில் வாழ்ந்தவர் பூழியர். கொடுந்தமிழ் நாடு பன்னிரண்டில் ஒன்றான பூழிநாட்டின் எல்லை பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

புலவர் சொ.

•

ஐயா, பூழிநாட்டு எல்லை வியாழனுக்குள் வேண்டாம்.

ம.

•

நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லை வைத்தாலும் அதில் மணல் வரக்கூடாது. பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'மணற்புயல்' என்று எழுதிக் கெடுத்து வைத்திருக்கின்றன.

சுமார் 63 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டால் மணல். அது பெரும்பாலும் பறப்பதில்லை. காற்று தள்ள, குதித்துக் குதித்துப் போகும். குதித்து விழும் இடத்தில் தரையை இடிக்கும். அந்த இடியில் கிளம்பும் நுண்பொடிதான் கிலோமீட்டர் கணக்கில் உயரம் ஏறி, நாள்கணக்கில் கீழிறங்காமல் கடல் தாண்டுகிறது. விதிவிலக்கு உண்டு: அட்லாண்டிக் நடுவே வைத்த பொறிகளில் 450 மைக்ரான் படிகக்கல் (குவார்ட்ஸ்) துணுக்குகளும் சிக்கியிருக்கின்றன. எப்படி அவ்வளவு தூரம் வந்தன என்பது தனி வழக்கு.

சாட் நாட்டில் பொடேலே என்றொரு பள்ளம். திபெஸ்தி, என்னெடி என்ற இரு மலைத்தொகுதிகளுக்கு நடுவே காற்று இடுக்கில் புகுந்து வருவதுபோல் வேகமெடுத்து அங்கே இறங்குகிறது. பள்ளமோ பழைய பேரேரி ஒன்றின் வறண்ட படுகை. வெள்ளை வெளேரென்று கிடப்பது, அந்த நீரில் வாழ்ந்த நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள். உலகில் அதிகப் புழுதி எழும் இடங்களில் அது முன்வரிசை.

ஆம், புழுதி என்றுதான் சொன்னேன். வள்ளுவர் 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்றது வீட்டு அலமாரித் தூசியை அல்ல, உலர்ந்த மண்ணை. புழுதி உழவு, புழுதி விதைப்பு என்று உழவர் இன்றும் சொல்கிறார்கள். வழக்கில் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பூழிக்கு ஏன் போகவேண்டும்?

தி.வே., திருச்சி

•

மணல் விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி தேவையா? கோபி பாலையிலிருந்து வருவதை ஜப்பானியர் 'கோசா' என்கிறார்கள், கொரியர் 'ஹ்வாங்சா' என்கிறார்கள். இரண்டுக்கும் மஞ்சள் மணல் என்றே பொருள். அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறார்கள். அவர்கள் அறிவியல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஜெ.

•

குவைத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஊர்க்காரர்கள் 'தோஸ்' என்பார்கள், நம்மாட்கள் "டஸ்ட் அடிக்குது" என்பார்கள். தென் ஈராக் பக்கமிருந்து ஷமால் காற்று வந்தால் வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறமாகும். 2022 மே மாதம் விமானங்களையே நிறுத்தினார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்து வைத்தாலும் மறுநாள் காலை மேசைமேல் மைதா சலித்துக் கொட்டினதுபோல் படிந்திருக்கும். நாக்கில் உப்புக் கரிக்கும். அதை மணல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தி.வே. சார் சொல்வது சரி. என் ஓட்டு புழுதிக்கு.

ஒரு யோசனை: பறவை வலசை போகிறதல்லவா, வலசைப்புழுதி என்றால்?

ப.

•

வலசையா! பகைப்படைக்கு அஞ்சி ஊரைக் காலிசெய்து ஓடுவது வலசை. தூசியோ தாக்க வரும் முன்னணிப்படை. நல்லவேளை, வலசைத்தூசி என்று சொல்லாமல் விட்டீர்கள். ஓடுகிறவனும் துரத்துகிறவனும் ஒரே சொல்லில் அடைபட்டிருப்பார்கள். மேலும் வலசை தெலுங்கில் இன்றும் வீட்டுச் சொல்.

புலவர் சொ.

•

தெலுங்கில் இருந்தால் தமிழில் இருக்கக்கூடாதா? கண், கால் எல்லாம்கூடத்தான் அங்கே உறவோடு இருக்கின்றன. [இதன்பின் வலசை பற்றி வந்த மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். — மட்டுறுத்துநர்]

ப.

•

புழுதிக்குச் சம்மதம். என் சிக்கல் அதன் முன்னால் 'பாலை' வைப்பதில்தான். நூலின் இயல் காலநிலை மாற்றத்தைப் பற்றியது அல்லவா? நடு ஆசியாவின் ஆரல் கடலைப் பாருங்கள். ஆமூ, சிர் ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பினார்கள். 1960களிலிருந்து கடல் வற்றி, அடித்தளம் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதியாகப் பறக்கிறது. ஈரானின் ஊர்மியா ஏரியும் சுருங்கிப்போய் உப்புப் பறக்கிறது. இவை பிறவிப் பாலைகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒப்பிட்டால் வளிமண்டலத்தில் இந்தப் புழுதியின் அளவு சுமார் 55 விழுக்காடு கூடியிருப்பதாக 2023இல் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. காலநிலையும் மனிதர் நிலத்தைக் கையாண்ட விதமும் இரண்டுமே காரணம். இனிமேல் கூடுமா குறையுமா என்பதில் கணிமாதிரிகள் ஒத்துப்போகவில்லை. காற்று தளர்ந்தால் சகாராவில் குறையவும் கூடும். பாலை என்று எழுதினால் ஏதோ ஆதியிலிருந்தே அப்படிக் கிடக்கும் நிலம் என்று மாணவர் நினைத்துக்கொள்வார்.

இ.ந., யாழ்ப்பாணம்

•

இ.ந. அவர்கள் 'பாலைவனம்' என்ற பாடப்புத்தகச் சொல்லை மனத்தில் வைத்துப் பேசுகிறார். சிலம்பு என்ன சொல்கிறது? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்பதோர் படிவம் கொள்ளும். ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலமே கிடையாது. மற்றொரு நிலம் கெட்டால் வருவது அது. பேரேரி வற்றிய பொடேலேக்கும் ஆரலுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழிக்காரன் வைத்திருக்கிறான்? வனத்தை வெட்டிவிடுங்கள், பாலையை விடாதீர்கள். பாலைப்பூழி என்பதே என் முடிந்த முடிபு.

புலவர் சொ.

•

ஐயா பாலைக்குச் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பூழியை மட்டும் விட்டுவிடுகிறேன். பாலைப்புழுதி. நிலவியல் படித்தவர் இப்படியெல்லாம் எளிதில் ஒப்புக்கொள்வது அரிது, குறித்துக்கொள்ளுங்கள்.

தி.வே.

•

பாலைப்புழுதிக்கு ஆறு பேர், பாலைவனத் தூசிக்கு ஜெ. மட்டும், பூழிக்குப் புலவர் ஐயா. இயல் முழுவதும் மாற்றிவிட்டேன். ஆரல் பற்றிய பத்தியில் மட்டும் இ.ந. சொன்னதற்காக 'உப்புப்புழுதி' என்று வைத்திருக்கிறேன். இனி 'டஸ்ட் ப்ளூம்' இருக்கிறது: 2020 ஜூனில் சகாராவிலிருந்து கரீபியன் வரை நீண்டதே, அது. புழுதிப்படலமா, புழுதித்தாரையா?

ம.

•

படலம் கண்ணில் விழுவது. தாரை நீருக்குரியது. யானையின் தும்பிக்கை போல நீண்டு வருவதால்...

புலவர் சொ.

•

படலம். அனுப்பிவிட்டேன்.

ம.

•

வகுப்பில் நான் தூசி என்றுதான் சொல்வேன்.

ஜெ.