வயிற்றுக்கு ஒரு புரோபயாடிக்: எதைப் பார்த்து வாங்குகிறோம்?

மதுரையிலிருந்து ஒரு மருந்தாளுநர்

கடைக்கு வருபவர்களில் பலர், "டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார், கூடவே வயிற்றுக்கு ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது புரோபயாடிக், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் என்று உயிரோடு உட்கொள்ளக் கொடுக்கும் கிருமி. எங்கள் அலமாரியில் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் வரும் பாசில்லஸ் கிளாசி, பொடியாக வரும் சாக்கரோமைசிஸ் பௌலார்டி, நான்கைந்து கிருமிகளைக் கலந்த காப்சூல் என எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்று தீர்ந்துபோனால் மற்றொன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாராசிட்டமாலில் ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொரு கம்பெனியைக் கொடுப்பது வேறு. இங்கே குப்பிக்குள் இருக்கும் உயிரே வேறு.

ஆகவே அட்டைப்பெட்டியில் நான் முதலில் பார்ப்பது விலையையோ விளம்பர வாசகத்தையோ அல்ல, ஸ்ட்ரெயினின், அதாவது ஒரே கிருமி இனத்துக்குள் வரும் குறிப்பிட்ட உட்பிரிவின், பெயரை. லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்பதில் கடைசி இரண்டு எழுத்துகள், அதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் பெயர்களிலிருந்து வந்தவை. பலன் தந்ததாக வெளிவந்த சோதனைகள் அந்தக் குறிப்பிட்ட ஸ்ட்ரெயினைக் கொண்டு நடந்தவை என்பதால், வெறுமனே 'ராம்னோசஸ்' என்று மட்டும் அச்சிட்டிருக்கும் காப்சூலுக்கு அந்த முடிவுகளை நாமாகப் பொருத்திப் பார்க்க முடியாது. 2020-இல் லாக்டோபாசில்லஸ் என்ற ஒரே பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டதால், இதே கிருமி சில பெட்டிகளில் லாக்டிகேசிபாசில்லஸ் என்ற புதுப் பெயரோடு வருகிறது. அதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஆன்டிபயாடிக் அட்டைகளில் 'எல்.பி.' என்ற பின்னொட்டோடு வருபவற்றை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக்கும் சேர்ந்தவை அவை. அவற்றில் வழக்கமாகச் சேர்க்கப்படுவது 6 கோடி வித்துகள் (கிருமி உறக்கநிலையில் இருக்கும் கெட்டியான வடிவம்). ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைக் குழந்தைகளிடம் தடுப்பதற்கு ஐரோப்பியக் குழந்தைநல இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் பரிந்துரைப்பதோ ராம்னோசஸ் ஜி.ஜி. அல்லது பௌலார்டி, அதுவும் நாளொன்றுக்கு 500 கோடி அல்லது அதற்கு மேல். கிருமி வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை என்றாலும், அந்த 6 கோடி எந்த மூலைக்கு என்ற கேள்வி எனக்கு உண்டு. போதாக்குறைக்கு, சில பெட்டிகளில் இன்னமும் 'லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜெனிஸ்' என்றே அச்சிடுகிறார்கள். லாக்டோபாசில்லஸ் வகை எதுவும் வித்து உண்டாக்காது, உள்ளே இருப்பது பாசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று அறிவியல் உலகம் ஒப்புக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. பெயரைக்கூடத் திருத்தாதவர்கள் எண்ணிக்கையை எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதியாகும் நாள்வரைக்குமா என்பதையும் பாருங்கள். வித்தாக இருக்கும் பாசில்லஸ் வகைகள் எங்கள் ஊர் சித்திரை வெயிலைத் தாங்கும். வித்து உண்டாக்காத லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகளில் பலவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால், கடைக்காரர் அதை எங்கிருந்து எடுக்கிறார் என்று கவனியுங்கள். மேசையின் இழுப்பறையிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தாய்

என் மூன்று வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, உறவினர் வீட்டில் எல்லாரும் குப்பி மருந்தின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். குழந்தை மருத்துவரோ ஓ.ஆர்.எஸ். கரைசலையும், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்குத் துத்தநாக மருந்தையும் எழுதிவிட்டு, குழந்தையின் உயிருக்கு ஆபத்து நீரிழப்பால்தான் வரும், அதை எந்தப் புரோபயாடிக்கும் ஈடுகட்டாது என்றார். அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், புரோபயாடிக் கொடுத்தவர்களுக்கும் வெறும் பொடி கொடுத்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர் சொன்னார். ஐரோப்பிய மருத்துவர்கள் இதை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை என்று பிறகு படித்தேன். ஆனாலும் கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் எதை வாங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சென்னையிலிருந்து, ஐ.பி.எஸ். (எரிச்சல் கொண்ட குடல் நோய்) தொல்லை உள்ளவர்

எனக்கு வயிறு உப்புசம்தான் முதன்மையான தொல்லை. பல ஸ்ட்ரெயின்களோடு ஃப்ரக்டோ-ஆலிகோசாக்கரைடு என்ற நார்ச்சத்தும் சேர்ந்த காப்சூல் ஒன்றைச் சாப்பிட்டபோது உப்புசம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும் என்பதால், என்னைப் போன்றவர்கள் அது கலந்த பொருளை வாங்குமுன் யோசிக்க வேண்டும் என்று என் குடல் நோய் மருத்துவர் விளக்கினார். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐ.பி.எஸ். நோய்க்குப் புரோபயாடிக்கை ஆய்வுச் சூழலுக்கு வெளியே பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனின் வழிகாட்டுதலோ, முயன்று பார்க்க விரும்புகிறவர் ஒரே பொருளைக் குறைந்தது 4 வாரம் எடுத்துப் பலனைக் கவனிக்கட்டும் என்கிறது. நான் இரண்டாவது வழியில் போனேன். அந்த வாரங்களில் காப்பியையோ உணவையோ மாற்றவில்லை. மாற்றியிருந்தால் எது வேலை செய்தது என்று தெரிந்திருக்காது. பேரினம், சிற்றினம், ஸ்ட்ரெயின் மூன்றும் தெளிவாக அச்சிட்ட ஒரு பொருளில் மலச்சிக்கல் ஓரளவு குறைந்தது, உப்புசம் அப்படியே இருந்தது. நிறுத்திவிட்டேன்.

நம் வீட்டுத் தயிரே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தயிர் நல்ல உணவு, நானும் தினமும் சாப்பிடுகிறேன். ஆனால் உறைமோரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட அளவு என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது. இட்லி மாவு எவ்வளவு புளித்திருந்தாலும், ஆவியில் வேகும்போது அதிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன.

கோயம்புத்தூரிலிருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

மேலே எழுதியவர்கள் பலன் உண்டா இல்லையா என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் பிரிவில் தீங்கு வருமா என்றே முதலில் பார்க்கிறோம். பௌலார்டி என்பது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்ரி பௌலார் 1920-களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பெரிய இரத்தக்குழாயில் மையக் குழாய் பொருத்தப்பட்ட நோயாளிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அவருடைய படுக்கையருகே அந்தப் பொடியைப் பிரிப்பதும்கூடக் கூடாது, ஏனெனில் கையிலும் காற்றிலும் பரவும் துகள் குழாய் வழியே இரத்தத்தில் கலந்து தொற்றாகிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நலம் விசாரிக்க வரும் உறவினர்கள், நல்ல எண்ணத்தோடுதான், பையிலிருந்து இதை எடுத்துத் தண்ணீரில் கலக்கத் தொடங்குவார்கள். நாங்கள் தடுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரோபயாடிக்கையும் தொடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது குறித்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. அதே சமயம் ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், ஒரு குறிப்பிட்ட லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் ஸ்ட்ரெயினைப் பெற்றவர்களிடம் செப்சிஸும் (உடல் முழுதையும் பாதிக்கும் கடும் தொற்று) இறப்பும் சேர்ந்து 40 விழுக்காடு குறைந்தன. அவர்கள் குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் அல்லர், போதிய எடையோடு பிறந்தவர்கள்.

மீண்டும் மதுரை மருந்தாளுநர்

செவிலியர் அம்மா குறிப்பிட்ட ஈஸ்ட் செய்தியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பௌலார்டியை ஆன்டிபயாடிக் கொல்லாது, ஆனால் ஃபுளூக்கோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கொல்லும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பாக்டீரியா வகையாக இருந்தால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்கிறோம். எதுவானாலும் சூடான பாலிலோ காப்பியிலோ கலக்க வேண்டாம், ஆறிய தண்ணீர் போதும். ஆன்டிபயாடிக் முடிந்தபின் எத்தனை மாதம் தொடரலாம் என்று கேட்பவர்களுக்கு, மாதக்கணக்கில் வேண்டாம் என்றே சொல்கிறேன்: இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் பல ஸ்ட்ரெயின் கலந்த புரோபயாடிக்கை எடுத்தவர்களின் சொந்தக் குடல் கிருமிகள், எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாகவே பழைய நிலைக்குத் திரும்பின.