கல் புதிர்வழிகள் ஆற்றல் கோடுகளின் மேல்தான் அமைந்தனவா?

நிலவழி: தரையில் கற்களை வரிசையாக அடுக்கிச் சுருள்பாதையாக அமைத்த கல் புதிர்வழிகள் சுவீடனில் மட்டும் கிட்டத்தட்ட 300 இருக்கின்றன, பெரும்பாலும் கடலோரத்தில். ரஷ்யாவின் சோலோவெட்ஸ்கி தீவுகளிலும் அதே மாதிரிச் சுருள்கள். கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த 3,200 ஆண்டுப் பழைய களிமண் பலகையிலும் இதே வடிவம்! பூமியின் ஆற்றல் கோடுகள் கூடும் இடத்தைப் பார்த்துத்தான் கல் அடுக்கினார்கள் என்று நம்புகிறேன். நிலத்தடி நீரையும் ஆற்றலையும் காட்டும் என்று சொல்லப்படும் கவைக்குச்சியோடு ஒரு புதிர்வழியில் நடந்தேன். நடுவில் குச்சி தானாகத் தாழ்ந்தது.

கூழாங்கல்: குச்சி தாழ்ந்ததை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 1990-இல் ஜெர்மனியின் காசெல் நகரில், இப்படிக் குச்சி வைத்து நீரோட்டம் பார்க்கும் சுமார் 30 பேரை வைத்துச் சோதித்தார்கள். புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அவர்களால் கூடுதலாகச் சொல்ல முடியவில்லை.

கோடுகள் கதைக்கு வருவோம். 1921-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரெட் வாட்கின்ஸ், பழைய சின்னங்களை நேராக இணைக்கும் 'லே' கோடுகளைப் பற்றிப் பேசியபோது, அவை பழங்கால நடைபாதைகள் என்றுதான் சொன்னார். ஆற்றல் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது நிலம்தான். பனியுகத்தில் அழுத்திக் கிடந்த பனிப்பாறை உருகியதால் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் வடகரை இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர். கடல் மட்டத்துக்கு நாலு மீட்டர் மேலே ஒரு புதிர்வழி கிடந்தால், 500 ஆண்டுக்கு முன் அந்த இடம் அலையடிக்கும் கரை. அதற்கும் முன்னால் கடலடி. கல்லில் ஆண்டுக்காண்டு மெல்லப் படர்ந்து அகலும் பாசிக்காளானின் (லைக்கன்) அகலத்தை அளந்து பார்த்தபோதும் அங்குள்ள பலவற்றுக்கு இடைக்காலமும் அதற்குப் பிந்தியதுமாகத்தான் வயது வந்தது.

நிலவழி: சரி, வயதை ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு தொலைவிலும் ஒரே வடிவம் எப்படி?

கூழாங்கல்: மணலில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நான்கு கட்டத்திலும் ஒரு மடக்குக்கோடு, மூலைக்கு ஒரு புள்ளி. உச்சியில் தொடங்கி முனைகளை வரிசையாக வளைத்து இணைத்தால் ஏழு சுற்று வந்துவிடும். ஒருவர் போடுவதைப் பார்த்த குழந்தைகூட அடுத்த கரைக்கு எடுத்துப் போகும்.

வடகாற்று: இடையில் ஒன்று. கெட்ட காற்றையும் துர்தேவதைகளையும் சுருளுக்குள் இழுத்துச் சிக்கவைத்துவிட்டு, மீனவர்கள் ஓடிப்போய்ப் படகேறுவார்களாம். அந்தக் கரைகளில் பதிவான வழக்கம் இது.

நிலவழி: அப்படியென்றால் அங்கே ஏதோ இருப்பதாக அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

கூழாங்கல்: உணர்ந்தது கடலைப் பற்றிய பயத்தை, நண்பரே. புதிர்வழிகள் பலவும் பழைய மீன்பிடித் துறைகளை ஒட்டியே கிடக்கின்றன. படகு கட்டிய இடத்தில்தான் கல் அடுக்கினார்கள்.