இந்த நீலப்பச்சைக் கல் கிரிசோகொல்லாதானா?

குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மாமா தோப்பில் கிணறு வெட்டிப் போட்ட குவியலில் ஒரு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கிடைத்தது. அதன் வெடிப்பில், கழுவாத செம்புக் குடத்தில் களிம்பு ஏறின மாதிரி நீலப்பச்சையாக ஒரு படிவு. நகைக்கடைக்காரர் பேரோசா (டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சை நகைக்கல்) என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் பேரோசாவின் கடினம் 5-க்கு மேல். இதுவோ கத்தி பட்டாலே மாவாக உதிர்கிறது. ஆசிட் ஒரு சொட்டு விட்டேன், நுரைக்கவில்லை. மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கல்லாக இருந்தால், அது கார்பனேட் ஆயிற்றே, பொங்கியிருக்குமே! நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது (அம்மாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம், நீங்கள் செய்யாதீர்கள்). அதனால் கிரிசோகொல்லா, அதாவது செம்பு சிலிக்கேட் என்று நினைக்கிறேன். சரிதானா? குவார்ட்ஸ் ஊறிய கிரிசோகொல்லா என்றால் 7 வரை கடினம் வரும், பட்டை தீட்டலாம். இந்த உதிர்கிற கல்லை மோதிரத்தில் பதிக்க வழியுண்டா? சித்தூர், வேலூர் பக்கம் கல் பார்த்துச் சொல்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.