மாற்றுமூட்டுச்சூழ் காசத்தொற்று: "சூழ்" ஏன் வேண்டும்?

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் வைப்பதில் எழுந்த கேள்விகளும் என் பதில்களும். தலைப்பிலுள்ளது, பொருத்திய செயற்கை மூட்டைச் சூழ்ந்து வரும் காசநோய்த் தொற்றுக்கு நான் வைத்த பெயர்.

> இடுப்பு மூட்டு மாற்றியபின் அங்கே வரும் காசநோய்க்குச் "செயற்கைமூட்டுக் காசம்" போதாதா? சுருக்கமாக இருக்கிறதே.

சுருக்கம்தான் ஐயா, பொருள்தான் தவறிப்போகிறது. படிப்பவர், நோய் உலோகத்தைப் பற்றியிருக்கிறது, கழற்றினால் தீரும் என்று எண்ணுவார். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அப்படித்தான்: உலோகத்தின்மேல் உயிர்ப்படலம் (கிருமிகள் கூடிக் கட்டும் பசைப்படலம்) கட்டிக்கொள்ளும், மருந்து எட்டாது. காசக்கிருமி உலோகத்தில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதன் குடியிருப்பு சுற்றியுள்ள எலும்பும் திசுவும். ஆகவே செயற்கை மூட்டின் தண்டும் கிண்ணமும் ஆடாமல் இறுகியிருந்தால், சீழையும் கெட்ட திசுவையும் சுரண்டி எடுத்துவிட்டு, மூட்டை வைத்துக்கொண்டே மருந்தால் ஆற்ற இடமுண்டு. மூட்டு தளர்ந்திருந்தாலோ, புரையோடிச் சீழ் வடிந்தாலோ, வேறு பாக்டீரியாவும் சேர்ந்திருந்தாலோ பெரும்பாலும் கழற்ற நேரும். இந்த வேறுபாட்டைத் தாங்குவது "சூழ்" என்ற ஒரு சொல் கூடுதல்தான்.

> "எலும்புருக்கி" பழைய சொல்லாயிற்றே?

அது உடல் மெலிவைச் சொன்ன சொல். இங்கே போட்டால் எலும்பு அரிப்பு என்றே கொள்வார்கள். காசம் இருக்கட்டும்.

> ஸ்பேசர் = இடைநிரப்பி?

ஸ்பேசர் என்பது மூட்டைக் கழற்றியபின் அந்த இடத்தில் தற்காலிகமாக வைக்கும் சிமெண்ட் துண்டு. நிரப்புவது மட்டும் அதன் வேலையில்லை. தொடையெலும்பு மேலேறிக் கால் குட்டையாகாமல் இடத்தைக் காக்கிறது, மருந்தையும் கசியவிடுகிறது. "இடங்காப்பி" என்பேன். விளக்கக் குறிப்பில் ஒன்று சேருங்கள்: காச மருந்தான ரிஃபாம்பிசினை அந்தச் சிமெண்டில் கலந்தால் சிமெண்ட் சரியாக இறுகாது. ஸ்ட்ரெப்டோமைசின் கலப்பதுண்டு.

> கல்ச்சர் நெகட்டிவ் = கிருமியற்ற தொற்று?

இதை மட்டும் ஏற்கவே முடியாது. கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை; நெகட்டிவ் என்றால் அதில் ஒன்றும் வளரவில்லை என்றுதான் பொருள். கிருமி இருக்கிறது, வளரத்தான் நாளாகிறது. சாதாரணக் கல்ச்சரைச் சில நாளில் முடித்துவிடுகிறார்கள். காசக்கிருமிக்குத் திரவ ஊடகத்தில் 42 நாள், எல்.ஜே. எனும் திட ஊடகத்தில் 8 வாரம்வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு பிழை நடக்கிறது: எடுத்த திசு முழுவதையும், திசு கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். கிருமி அங்கேயே செத்துவிடும், பிறகு எத்தனை வாரம் வைத்தும் பயனில்லை. ஒரு பங்கு ஃபார்மலினில் நோய்க்குறியியலுக்கு, மற்றது ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கும், காசக்கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும். பஞ்சுக்குச்சியில் ஒற்றி அனுப்புவது போதாது. "வளர்ப்பில் தென்படாத் தொற்று" என்று வைப்போம்.

மருந்துக் காலத்தையும் சொல் விளக்கப் பதிவில் எழுதவேண்டும். முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு ஐசோனியசிட், ரிஃபாம்பிசினோடு தொடர்ச்சி. மொத்தம் 12 முதல் 18 மாதம் கொடுப்பதே வழக்கம். ரிஃபாம்பிசின் வார்ஃபரினின் வீரியத்தைக் குறைத்துவிடும். அறுவைக்குப்பின் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் தருபவர்கள் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) அடிக்கடி பார்க்கவேண்டும்.

இடங்காப்பியைவிட நல்ல சொல் இருந்தால் வையுங்கள்.